அறிவியல் கேளுங்கள்: இரட்டையர் பெற்ற பிள்ளைகள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ஒருகரு இரட்டையர் (கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள்) இருவருக்கும் பிறக்கும் பிள்ளைகள் மரபணுக் கணக்கில் ஒரே தகப்பனுக்கோ ஒரே தாய்க்கோ பிறந்தவர்களைப் போலத்தான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. தொடக்கக்கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்த காலத்திலும் இந்தப் பாடம் வந்தால் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கமாட்டார்கள். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் இரட்டையருக்கே. கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு, சிங்கப்பூரில் அவர்கள் வசிக்கும் வட்டாரத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவரும் அவருடைய அண்ணனும் சில நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையர். அச்சு அசலாக ஒரே முகம். தீபாவளிக்கு என் மகள் இணையத்தில் இரண்டு எச்சில் சோதனைப் பெட்டிகளை வாங்கி, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பெரியப்பா மகனுக்குப் பரிசாகக் கொடுத்தாள். இப்போது முடிவு வந்திருக்கிறது. இருவரும் 'ஹாஃப் சிப்ளிங்', அதாவது தகப்பன் ஒன்று, தாய் வேறு என்கிறது. மரபணுப் பொருத்தத்தை அளக்கும் சென்டிமார்கன் என்ற அலகில் 1,790 பொருந்துகிறதாம். அன்றிலிருந்து என் ஓரகத்தி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொன்னார், அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கணவர் 'விடு' என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. சோதனையில் ஏதாவது தவறா?
தெம்பனிஸ் வாசகி

பதில்: அம்மா, சோதனையில் தவறில்லை. உங்கள் மீதும் ஒரு தவறும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய முடிவுதான் வந்திருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் உங்கள் ஓரகத்தியிடமும் மாமியாரிடமும் கொடுங்கள். அவர்கள் படிப்பதற்காகவே கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

நம் ஒவ்வொருவருக்கும் 23 இணை குரோமோசோம்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தகப்பன் தந்தது, மற்றது தாய் தந்தது. விந்தணு உருவாகும்போது தகப்பனிடம் இருக்கும் இணைகள் தங்களுக்குள் துண்டு துண்டாக மாற்றிக்கொண்டு, அதில் பாதி மட்டும் பிள்ளைக்குப் போகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு சீட்டுக்கட்டைக் குலைத்து 26 சீட்டுகளை ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறோம். பிறகு 52 சீட்டையும் ஒன்றுசேர்த்து மறுபடி குலைத்து அடுத்த பிள்ளைக்கு 26 கொடுக்கிறோம். இருவர் கையிலும் ஏறத்தாழ 13 சீட்டுகள் ஒன்றாக இருக்கும். தகப்பன் வழியில் வந்ததில் பாதி ஒன்று. மொத்தத்தில் பார்த்தால் கால் பங்கு. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் 25 விழுக்காடு பொருந்துவது இப்படித்தான்.

இப்போது உங்கள் கணவரையும் அவர் அண்ணனையும் பாருங்கள். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள். ஒரே அச்சகத்தில் அடித்த இரண்டு கட்டுகள். ஒரே கட்டிலிருந்து இரண்டு முறை எடுத்தாலும், ஒரே மாதிரியான இரண்டு கட்டுகளிலிருந்து ஒவ்வொரு முறை எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். உங்கள் மகளுக்கும் அவள் பெரியப்பா மகனுக்கும் 25 விழுக்காடு பொருந்துவது அதனால்தான். சாதாரண அண்ணன் தம்பிகளுடைய பிள்ளைகளுக்குள் சராசரியாக 12.5 விழுக்காடுதான் பொருந்தும்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முடிவுகளைத் திரட்டிய 'ஷேர்டு சென்டிமார்கன்' திட்டத்தின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில், சாதாரணச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குச் சராசரி 866. குறைந்தது 396, மிஞ்சிப்போனால் 1,397. பெற்றவரில் ஒருவர் மட்டும் பொதுவாக உள்ள பிள்ளைகளுக்குச் சராசரி 1,759. உங்களுடையது 1,790. நிறுவனத்தின் கணினிக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் இரட்டையர் என்பது அதற்குத் தெரியாது. வழக்கமாக அந்த எண்ணுக்கு உரிய பெயரை ஒட்டி அனுப்பிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் யாராவது இதைக் கேட்கத்தான் போகிறார்கள். உங்கள் மகளின் மரபணுவைத் தகப்பனோடு ஒப்பிட்டாலும் பெரியப்பாவோடு ஒப்பிட்டாலும் இரண்டும் 'தகப்பன்' என்றே வரும். வழக்கமான எந்தச் சோதனையாலும் அவர்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது. 2019இல் பிரேசிலில் ஒரு வழக்கு நடந்தது. இரட்டையரில் யார் தகப்பன் என்று சோதனை சொல்லவில்லை, அவர்களும் வாய் திறக்கவில்லை. குழந்தைக்கு இருவருமே பணம் கட்ட வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகவே உங்கள் கையில் இருக்கும் தாள் யாரையும் குற்றம் சாட்டப் பயன்படாது. மனைவி கணவனுக்கு உண்மையாக இருந்தாலும் 25தான், கணவனின் இரட்டையரோடு தவறியிருந்தாலும் 25தான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்களைச் சந்தேகிக்கிறவரிடம் சான்று என்று எதுவுமே இல்லை. அதை அழுத்திச் சொல்லுங்கள்.

இருவரையும் பிரித்துக் காட்டவே முடியாதா என்றால், முடியும். 2014இல் ஜெர்மனியில் ஒரு குழு இரட்டையர் இருவரின் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படித்து, ஒருவரிடமும் அவருடைய பிள்ளையிடமும் மட்டும் இருந்த ஐந்து மாற்றங்களைக் கண்டுபிடித்தது. 2021இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 381 ஒருகரு இரட்டையரைச் சோதித்து, கருவின் தொடக்கத்திலேயே ஏற்பட்ட மாற்றங்களில் ஒரு சோடிக்குச் சராசரியாக 5.2 வேறுபடுகிறது என்று வெளியிட்டார்கள். ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் ஐந்து! அறிவியலாக அதை நான் மிகவும் ரசிக்கிறேன். ஆனால் கேளாத சந்தேகத்துக்குப் பதில் தேடி உங்கள் குடும்பம் அந்தப் பக்கம் போக வேண்டாம். உங்கள் கணவர் 'விடு' என்று சொல்லி நிறுத்தியது போதாது என்பது என் கருத்து. 'நாங்கள் இரட்டையர், அதனால் இப்படித்தான் வரும்' என்று அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் அம்மாவின் முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையது இல்லை.

கேள்வி: நானும் என் தம்பியும் இரட்டையர். அடுத்த மாதம் 15 வயது, அடையாள அட்டை எடுக்கப் போகிறோம். எங்கள் கைரேகை ஒன்றாக இருந்தால் குழப்பம் வருமா?
உட்லண்ட்ஸ் மாணவர்

பதில்: வராது தம்பி. கைரேகையின் மேடுகள் கருவில் ஏறக்குறைய பத்தாவது வாரத்துக்கும் பதினேழாவது வாரத்துக்கும் இடையில் உருவாகின்றன. மரபணு பொதுவான வடிவத்தைத்தான் தீர்மானிக்கிறது. விரல் எந்தப் பக்கம் அழுந்தியிருந்தது, விரல்நுனி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பவையெல்லாம் நுணுக்கமான கோடுகளை மாற்றிவிடும். வயிற்றுக்குள்ளேயே உங்கள் இருவருக்கும் இடம் வேறு. தைரியமாகப் போய் வாருங்கள்.

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் இரட்டைச் சகோதரர்கள் இரட்டைச் சகோதரிகளையே கட்டியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள் மாதிரியே இருக்கிறார்கள். இது வெறும் தோற்றமா?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: நால்வரும் ஒருகரு இரட்டையர் என்றால், மரபணுவில் அந்தப் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களேதான். தகப்பன் வழியில் கால், தாய் வழியில் கால், மொத்தம் சராசரியாக 50 விழுக்காடு. சராசரி என்று சொல்வதைக் கவனியுங்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வில் 4,401 உடன்பிறப்புச் சோடிகளை அளந்தபோது, சிலருக்கு 37 விழுக்காடுதான் பொருந்தியது, சிலருக்கு 62 வரை போனது. ஆகவே உங்கள் சொந்தத்தில் எந்த இருவர் ஒரே சாயல் என்பது ஒரு வீட்டுக்குள்ளும் இருக்கலாம், இரண்டு வீடுகளுக்கு இடையிலும் இருக்கலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே 1976 முதல் இரட்டையர் திருவிழா நடக்கிறது. 2018 ஆகஸ்டில் அந்த விழாவிலேயே இரண்டு இரட்டையர் சோடிகள் இப்படித் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு தம்பதிக்கும் 2021இல் சில மாத இடைவெளியில் ஆளுக்கோர் ஆண் குழந்தை.

நம் குடும்பங்களில் இதைவிட அதிகம் நடப்பது வேறொன்று. அண்ணன் தம்பிக்கு அக்காள் தங்கையைக் கொடுப்பார்கள். யாரும் இரட்டையர் இல்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்குள் 25 விழுக்காடு. மாப்பிள்ளைகள் மட்டும் ஒருகரு இரட்டையர், பெண்கள் சாதாரண அக்காள் தங்கை என்றால் 25உம் 12.5உம் சேர்ந்து 37.5 விழுக்காடு. என் மாணவி ஒருத்தி இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, 'டீச்சர், நானும் என் சித்தப்பா மகளும் இதுதான்' என்று சொன்னாள். வகுப்பே அன்று அவளைப் புதிதாகப் பார்த்தது.

கேள்வி: என் அம்மா 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் எங்களைப் பெற்றார். நஞ்சுக்கொடி இரண்டு இருந்ததால் நாங்கள் ஒருகரு இரட்டையர் இல்லை என்று தாதி சொன்னதாக அம்மா சொல்வார். ஆனால் எங்களைப் பார்ப்பவர்கள் இன்றும் குழம்புகிறார்கள். எது சரி?
அங் மோ கியோ வாசகி

பதில்: முதலில் ஒரு செய்தி. நீங்கள் பிறந்த ஆண்டில் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். அது கின்னஸ் சாதனை. அத்தனை பிரசவத்துக்கு நடுவில் உங்கள் தாயாரிடம் நின்று பேசிய தாதியை நான் மதிக்கிறேன். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஆனால் நஞ்சுக்கொடி இரண்டு இருந்தால் இருகரு இரட்டையர்தான் (தனித்தனி முட்டைகளில் உருவானவர்கள்) என்று சொல்லிவிட முடியாது. கருவுற்ற முட்டை முதல் மூன்று நாளுக்குள் பிரிந்துவிட்டால் ஒருகரு இரட்டையருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி அமையும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒருகரு இரட்டையர் அந்த வகை. நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, நீர்ப்பை இரண்டு. அதற்கும் பிந்தினால் நீர்ப்பையும் ஒன்று. ஆகவே நஞ்சுக்கொடி ஒன்று என்றால் அநேகமாக ஒருகரு என்று நம்பலாம். இரண்டு என்றால் எதுவும் சொல்ல முடியாது. உங்கள் இருவரின் இரத்தப் பிரிவைப் பாருங்கள். வேறாக இருந்தால் இருகரு, அத்தோடு முடிந்தது. ஒன்றாக இருந்தால் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் சோதனை போதும். அறுபது வயதுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் வேண்டும் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கும் அவருடைய இரட்டைத் தம்பிக்கும் சிவப்பு பச்சை நிறக்குருடு. சித்தப்பா மகளின் பையனுக்கும் அது இருக்கிறது என்று இப்போது தெரிந்தது. என் மகனுக்கு வருமா?
பாசிர் ரிஸ் வாசகி

பதில்: வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அதை அப்படியே மகளுக்குக் கொடுத்துவிடுகிறான், மகனுக்கு அது போவதில்லை. உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்ததும் சித்தப்பா தம் மகளுக்குக் கொடுத்ததும் ஒரே எக்ஸ். நீங்கள் இருவரும் அதைத் தாங்குகிறீர்கள், உங்களுக்குப் பார்வைக் குறை தெரியாது. உங்கள் மகனுக்கு அந்த எக்ஸ் போயிருந்தால் நிறக்குருடு, மற்றது போயிருந்தால் இல்லை. பள்ளியில் வண்ணம் தீட்டும் பாடத்தில் திட்டு வாங்குவதற்கு முன்னால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்குத் தகப்பனிடமிருந்து இது வந்திருக்காது.

கேள்வி: என் மனைவியும் அவள் தங்கையும் ஒருகரு இரட்டையர். என் மகனின் மகளை, என் கொழுந்தியாளுடைய மகளின் மகனுக்குக் கேட்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன், முறை சரியாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கும் விருப்பம். ஆனால் என் இளைய பேரன், 'தாத்தா, பாட்டிகள் இரட்டையர் என்பதால் இது ரொம்ப நெருங்கிய சொந்தம், கூடாது' என்று எங்கோ படித்துவிட்டுத் தடுக்கிறான். என்ன செய்யலாம்?
ஈசூன் தாத்தா

பதில்: ஐயா, உங்கள் பேரன் சொல்வதில் பாதி சரி. இரட்டையர் என்பதால் நெருக்கம் கூடுவது உண்மை. எவ்வளவு என்று பார்ப்போம்.

உங்கள் மகனும் கொழுந்தியாளின் மகளும் 25 விழுக்காடு பொருந்துகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகள், அதாவது இப்போது பேசப்படும் இருவர், 6.25 விழுக்காடு. பாட்டிகள் சாதாரண அக்காள் தங்கையாக இருந்தால் அது 3.125ஆக இருந்திருக்கும். இரண்டு மடங்கு என்றால் பெரிதாகத் தோன்றும். ஆனால் நம்மவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் சொந்த அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் 12.5 விழுக்காடு. அக்காள் மகளைக் கட்டினால் 25. உங்கள் வீட்டில் பேசுவது சொந்த மாமன் மகளைக் கட்டுவதில் பாதி நெருக்கம்தான்.

எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க 2 முதல் 3 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சொந்த மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அதற்கு மேல் ஏறக்குறைய இன்னும் 2 முதல் 3 விழுக்காடு கூடும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கூடுவது அதைவிடக் குறைவு. இதை மட்டும் வைத்துத் திருமணத்தை நிறுத்த நான் சொல்லமாட்டேன். ஆனால் தேதி குறிப்பதற்கு முன்னால் இருவரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனை செய்தே ஆகவேண்டும். சிங்கப்பூரில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் அந்த மரபணுவைத் தெரியாமலேயே சுமக்கிறார்கள். இங்கே 1992 முதல் தேசியத் தலசீமியா பதிவகம் இயங்குகிறது. உங்கள் மனைவியிடம் அந்த மரபணு இருந்தால் அவருடைய தங்கையிடமும் நிச்சயம் இருக்கும், ஆகவே இரண்டு கிளைகளிலும் இறங்கியிருக்கலாம். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

உங்கள் கடிதம் இன்னொன்றை யோசிக்க வைத்தது. ஒருகரு இரட்டையர் எப்போதும் இருவரும் ஆண் அல்லது இருவரும் பெண். அவர்கள் பெற்ற பிள்ளைகள் அண்ணன் தம்பி மக்களாகவோ அக்காள் தங்கை மக்களாகவோதான் இருக்க முடியும். நம் முறைப்படி அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது, உடன்பிறந்தவர்கள். இங்குள்ள 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் என்ற சட்டம் ஒரே தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவர்கள் மணப்பதைத் தடுக்கிறது, சித்தப்பா பெரியம்மா பிள்ளைகள் மணப்பதைத் தடுப்பதில்லை. இரட்டையரின் பிள்ளைகள் சட்டத்துக்கு இரண்டாவது வகை, மரபணுவுக்கு முதல் வகை. சட்டம் பார்க்காத இடத்தில் நம் முறை காவல் நிற்கிறது. சொந்தத்துக்குள் கொடுத்து வாங்குவதை நான் எப்போதும் ஆதரிப்பவள் இல்லை. ஆனால் இந்த ஓர் இடத்தில் நம் பாட்டன்மார் வகுத்த வரம்பு மிகச் சரியாக விழுந்திருக்கிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். உங்கள் இளைய பேரனுக்கும் என் பாராட்டைச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

கேள்வி: என் அம்மாவும் சித்தியும் ஒருகரு இரட்டையர். நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா விபத்தில் போய்விட்டார். இப்போது சித்திக்கு 44ஆவது வயதில் மார்பகப் புற்றுநோய். சோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்றார்கள். எனக்கு 24 வயது, தம்பிக்கு 22. மருந்தகத்தில் தந்த படிவத்தில் 'தாய், சகோதரி, மகள் யாருக்காவது புற்றுநோய் உண்டா' என்று இருந்தது. இல்லை என்று குறித்துவிட்டு வந்தேன். சித்தி கீழே இன்னொரு கட்டத்தில் வருகிறார். நான் கவலைப்பட வேண்டுமா?
செங்காங் வாசகி

பதில்: அந்தப் படிவத்தைத் திருத்தி எழுதித் தாருங்கள், கண்ணு. 'தாய்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்து, பக்கத்தில் 'தாயின் ஒருகரு இரட்டைச் சகோதரி' என்று எழுதுங்கள். இந்த மாதம் முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கியதற்கு உங்கள் கடிதம்தான் காரணம்.

சித்தி, பெரியம்மா, மாமா, அத்தை என்றால் நம்மோடு கால் பங்கு மரபணு ஒன்று என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். படிவமும் அப்படித்தான் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சித்தி உங்களோடு அரைப் பங்கு. பெற்ற தாய் எவ்வளவோ அவ்வளவு. சித்தியிடம் இருக்கும் மாற்றம் அவருடைய பெற்றோரிடமிருந்து வந்தது என்றால் உங்கள் அம்மாவிடமும் இருந்தது. கரு பிரிந்த பிறகு சித்திக்கு மட்டும் புதிதாக ஏற்பட்டிருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆகவே உங்களுக்கு அது வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு. சாதாரணச் சித்தியாக இருந்தால் 25 என்று சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் வரவில்லையே என்று நினைக்கலாம். வருவதற்கான வயது அவருக்குக் கிடைக்கவில்லை. முழு ஆயுள் வாழ்ந்தவர்களிடமும் மரபணு சத்தமில்லாமல் அடுத்த தலைமுறைக்கு இறங்கும். இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறொரு நோயைப் பற்றியது. டென்மார்க்கில் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் மனச்சிதைவு நோய் இருந்த குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 1989இல் முடிவு வந்தது. நோய் வந்தவரின் பிள்ளைகளுக்கு அந்த நோய்க்கான வாய்ப்பு 16.8 விழுக்காடு. நோயே வராத மற்றவரின் பிள்ளைகளுக்கு 17.4. ஏறக்குறைய ஒன்றேதான். நலமாக வாழ்ந்த தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்த அந்தப் பிள்ளைகளிடம் யாரும், 'உன் பெரியப்பாவை உன் தகப்பனாகவே கணக்கில் எடு' என்று சொல்லியிருக்கமாட்டார்கள். நம் வீடுகளிலும் அதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை அழுத்தமாக எழுதுகிறேன்.

இனி செய்ய வேண்டியது. சித்தியின் சோதனை அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் எந்த மாற்றம் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டி, புற்றுநோய் மரபியல் ஆலோசனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தேசியப் புற்றுநோய் நிலையத்தில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மாற்றம் எது என்று தெரிந்திருப்பதால் உங்களிடம் அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும், விடை ஆம் அல்லது இல்லை என்று நேராக வரும்.

இல்லை என்று வந்தால், இந்தக் குடும்ப மாற்றத்தால் உங்களுக்கு அபாயம் இல்லை. மற்றப் பெண்களுக்கு இருக்கும் வாய்ப்புதான் உங்களுக்கும். ஆம் என்று வந்தால் என்ன என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர 72 விழுக்காடும், சூலகப் புற்றுநோய் வர 44 விழுக்காடும் வாய்ப்பு என்று கண்டார்கள். பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் 24 வயதில் தெரிந்துகொண்டவருக்குக் கையில் காலம் இருக்கிறது. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, பிறகு மேமோகிராம், பிள்ளை பெற்று முடித்த பிறகு சூலகத்தை எடுத்துவிடுவதா என்ற முடிவு, எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பேச மருத்துவர்கள் இருக்கிறார்கள். காப்புறுதி கிடைக்காமல் போகுமோ என்று பலர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். 2021 அக்டோபர் முதல் இங்கே ஒரு தடை ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. மரபணுச் சோதனை செய்துகொள் என்று காப்புறுதி நிறுவனம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் காப்புறுதி பற்றிய மற்றச் சந்தேகங்களை ஆலோசகரிடம் சோதனைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தம்பியை விட்டுவிடாதீர்கள். ஆண்பிள்ளைக்கு மார்பகப் புற்றுநோயா என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அவருக்கும் அதே 50 விழுக்காடு. அவருக்கு நோய் வராமலே இருந்துவிடலாம், ஆனால் நாளை அவருக்குப் பிறக்கும் மகளுக்கு அதைக் கொடுக்க முடியும். சித்திக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களோடு ஒரே தாய்க்குப் பிறந்தவர்களுக்குச் சமம், ஆகவே எல்லோரும் ஒரே நாளில் ஆலோசனைக்குப் போகலாம். சித்திக்குச் சிகிச்சை நடக்கும் இந்த நேரத்தில் அறிக்கையைக் கேட்கத் தயங்க வேண்டாம். அக்காள் பிள்ளைகளுக்கு இது உதவும் என்று சொன்னால் அவரே தேடி எடுத்துக் கொடுப்பார்.